‘பெலும்’ என்று சொன்ன நாள்

“…ஒன்னுமே வெடிக்கலையே, ஆன்ட்டி! அப்புறம் எதுக்கு அவரு அங்கயே உட்கார்ந்திருந்தாரு? நாளைக்குக் காலையில அம்மா அஸ்தியக் கடல்ல கரைக்க நானும் மாமாவும் போயிக்கிறோம். அவரு வர வேணாம். நீங்களே கீழ போய்ச் சொல்லிருங்க.”

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னவள் தர்ஷினி. என்னோடு பல வருடங்கள் வேலை பார்த்தவரின் ஒரே மகள். அதற்கு முந்தைய நாள்தான் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவள் இப்படிப் பேசிய அன்று மதியம் தகனம் முடிந்திருந்தது. அவள் ‘அவரு’ என்று சொன்னது தன் அப்பாவை. அவர் கீழே, வாடகைப் பந்தலுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தகனத்திலிருந்து திரும்பியவர் மாடி ஏறவே இல்லை. மகள் ஏற விடவில்லை என்பதுதான் உண்மை.

புதிதாகச் சோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ‘அனுபவத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டீர்கள். கருவிகளைப் பற்றி இப்போது உங்களுக்குத்தான் என்னைவிட அதிகம் தெரியும். நான் பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னப் பாகங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அழுத்தம் அளக்கும் கருவிகளுக்கு வந்து, கேட்டும் பார்த்தும் நாலைந்து கருவிகளைக் கெடுத்தும் தொழில் படித்தேன். அதனால் கருவியை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல் எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு பொருளிலும், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வேறு பொருளிலும் காதில் விழுந்த கதை இது.

நீங்கள் செய்யப்போகும் வேலை உங்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்? நான் இப்படிச் சொல்வேன். பெரிய பீரங்கியில் குண்டை வெளியே தள்ளுவது அதற்குப் பின்னால் இருக்கும் வெடிமருந்து. அடியில் ஒரு சிறு பொறி விழும். அந்தத் தீ நடுவில் இருக்கும் துளைக் குழாய் வழியாக ஓடி, மருந்து முழுவதையும் சீராகத் தொட வேண்டும். ஒரு முனை மட்டும் முந்திக்கொண்டு பற்றினால், உள்ளே அழுத்தம் முன்னும் பின்னும் அலையடித்துக் குழலையே பிளந்துவிடும். கண் இமைக்கும் முன்னால் முடிந்துபோகிற இந்தக் கூத்தைக் கோடாக இழுத்துக் காட்டுவதுதான் நம் வேலை. இந்தக் கதை நடந்த சமயத்தில், நம் ஊர் ஈரத்தில் நெடுநாள் கிடந்த மருந்து எப்படிப் பற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இடம் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால். கான்கிரீட் சுவர்களுக்குள் சோதனைக் குழல். தள்ளி, தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பதிவு அறை.

தர்ஷினியின் அப்பாவை எல்லோரும் ‘சாவிக்காரர்’ என்போம். பதிவு அறையில் பொத்தான் இருக்கும் சுடும் பெட்டிக்கு ஒரே சாவிதான். குழலுக்கு அருகில் போகிறவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். அவர் அங்கே நிற்கும்போது இங்கே யாரும் எதையும் அழுத்த முடியாது. அந்தச் சாவி அவரிடம் இருந்த காலம் முழுக்க எங்களில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவர் பேச்சை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். “சத்தம் வந்தா பயப்படாதீங்க. வராட்டிப் பயப்படுங்க” என்பார். நான் கோடுகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், “என்னம்மா, ஜாதகம் பாத்தாச்சா? எப்பக் கல்யாணம்?” என்று கேட்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. பொத்தானை அழுத்தியும் குழல் சுடவில்லை என்றால், அறையில் யாரும் ‘வெடிக்கல’ என்று சொல்லக்கூடாது. ‘பெலும்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் தமிழில் ‘வெடிக்கல’ என்றால் இரண்டும்தான். வெடிக்காமலே போய்விட்டது என்றும் கொள்ளலாம், இன்னும் வெடிக்கவில்லை என்றும் கொள்ளலாம். மலாய்க்காரர்கள் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இல்லை என்றால் ‘தாக்’. இன்னும் இல்லை என்றால் ‘பெலும்’. உள்ளே பொறி எங்கேயாவது ஒளிந்து கனிந்துகொண்டிருந்தால், அழுத்திய பிறகு நெடுநேரம் சும்மா கிடந்துவிட்டு மருந்து திடீரென்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் யாரும் கதவைத் திறக்காமல் காத்திருக்கும் விதி. எங்கள் குழுவில் இருந்த மூர்த்தி வேலைக்கு வந்த புதிதில், நான் “வெடிக்கல” என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, கதை முடிந்தது என்று நினைத்துக் கதவுக் கைப்பிடியில் கை வைத்தான். சாவிக்காரர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் அறுந்து விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ‘வெடிக்கல’ போய் ‘பெலும்’ வந்தது. சந்தையில் மீன் வந்துவிட்டதா என்று யாராவது கேட்டால்கூட ‘பெலும்’ என்று சொல்கிற அளவுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

அவர் மனைவி சிறுநீரகக் கோளாறோடு, தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலை தெம்பாக இருக்கிறார், பேசினார் என்று மகள் சொன்னதால்தான் அவர் வேலைக்கே வந்தார். நடுப்பகலுக்கு முன் குழலில் ஒரு வெடிமருந்தை வைத்து, சாவியைத் திருப்பி, அழுத்தினோம். என் திரையில் கோடு படுத்தே கிடந்தது.

“பெலும்,” என்றேன்.

“பெலும்,” என்று திருப்பிச் சொல்லி, சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காத்திருக்க ஆரம்பித்தோம்.

அங்கே கைப்பேசிகள் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவு அறையில் ஒரே ஒரு தொலைபேசி. அது அடித்தது. தர்ஷினி.

“ஆன்ட்டி, அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. டாக்டர் அப்பாவ உடனே வரச் சொல்றாரு.”

அவரிடம் கொடுத்தேன். “பேசறாளாம்மா?... ம்... மூச்சு?... ம். இங்க ஒரு வேல மாட்டிக்கிச்சு தர்ஷு. முடிச்சிட்டு வந்துர்றேன்.” அவ்வளவுதான். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விதிப்படியான நேரம் முடிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. கிட்டே போகும் முன் தூரத்திலிருந்தே இன்னொரு முறை சுட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் சுடவில்லை என்றால், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

மூர்த்தி சொன்னான்: “ரெண்டாவது தடவ வேணாம்ணே. நேரா போய் எடுத்துருவோம். யாரு கேக்கப் போறா?”

அவர் சாவியைப் போட்டுத் திருப்பினார். அழுத்தினார். கோடு அசையவில்லை. இந்த முறை என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. அவரே சொன்னார், “பெலும்.”

மூர்த்திக்குத் தாங்கவில்லை. அவனும் அனுமதிச் சான்று பெற்றவன்தான். சாவியை வாங்கிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. கையை நீட்டினான். “குடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க. அண்ணி அங்க...”

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். மூர்த்தியின் கண் கலங்கியிருந்தது. நல்ல பையன். அவர் வீட்டில் அண்ணி கையால் சாப்பிட்டவன்.

“வேணாம்ப்பா. அவசரம் என்னோடது. சாவியக் குடுத்தா அதுவும் சேந்து ஒன்கிட்ட வந்துரும்.”

“எனக்கு என்னண்ணே அவசரம்? நான் முழுசா காத்திருந்துதான் போவேன்.”

“நீ காத்திருப்பே. ஆனா அங்க போய் நிக்கறப்ப ஒன் மனசு ஆஸ்பத்திரில இருக்கும். அங்க என்னாச்சோன்னு நெனச்சுக்கிட்டே கைய உள்ள விடுவே.”

“அப்ப ஒங்க மனசு மட்டும் எங்கண்ணே இருக்கு?”

மூர்த்தி கோபமாகத்தான் கேட்டான். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

“இத வச்சது என் கையிப்பா. எப்டி வச்சேன், எங்க இறுக்கமா இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியும். மனசு எங்க வேணாப் போகட்டும்.”

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நான் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று மூர்த்தி இன்றும் சொல்கிறான். ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கோப்பிக் கடையில் எப்போது சந்தித்தாலும் கோப்பி ஆறும் வரை இதே வாக்குவாதம்தான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் நான் அவனிடம் கேட்டேன், “அன்னிக்கு ஒன்கிட்ட குடுத்திருந்தா நீ முழுசா காத்திருப்பியா?” அவன் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

தொலைபேசி மறுபடி அடித்தது. அவர் கண்காணிப்புத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

“ஆன்ட்டி, அப்பா கெளம்பிட்டாரா?”

என் வாயில் இருந்தது ஒரே சொல். “பெலும்மா.”

“ஓகே ஆன்ட்டி.” வைத்துவிட்டாள்.

மூன்றாவது முறை பேசியது தர்ஷினி அல்ல, அவள் தாய்மாமா. என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மூர்த்தி சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காத்திருப்பு இன்னும் மிச்சம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அழாதப்பா,” என்றார். “இப்ப அவசரமே இல்ல.”

நேரம் முடிந்ததும் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். திரையில் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழக்கமாக எப்படி எடுப்பாரோ அப்படியே எடுத்தார். வெளியே வந்து, கையைக் கழுவி, சாவியை மூர்த்தியின் மேசையில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அன்று பாலத்தில் நெரிசலாம். நடுவழியில் கார்கள் நகரவே இல்லையாம்.

அடுத்த நாள் காலை அந்த மருந்தை உரிய இடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். நான் தகனத்துக்குக் கிளம்பும் முன் மூர்த்தி வந்து விவரத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு, “அக்கா, இது வேற யாருக்கும் தெரிய வேணாம்,” என்றான். அந்த விவரத்தை வைத்துக்கொண்டுதான் நான் தர்ஷினிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

இனி தர்ஷினி வீட்டுக் கூடத்துக்கே வருகிறேன். வந்தவர்கள் போய்விட்டார்கள். சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ‘அவரு வர வேணாம்’ என்று அவள் சொல்லி முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அஸ்தி கரைக்கப் போகும் படகில் அவர் ஏறவில்லை என்றால், அந்த வீட்டுக்குள்ளும் இனிப் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரைத் தெரிந்தவர்கள் யாருக்கும் தெரியும்.

“உள்ள என்ன இருந்துச்சு, ஆன்ட்டி?” அவளே கேட்டாள். “பிரிச்சுப் பாத்திருப்பீங்கதானே? அப்பா சொல்வாரு, பிரிச்சுப் பாப்பாங்கன்னு.”

ஒரு பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே நெருப்பு கனிந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் மூர்த்தி செத்திருப்பான், உங்கப்பா ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே அவள் எழுந்து கீழே ஓடியிருப்பாள். எனக்கு அது பெரிய ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சாவிக்காரர் ஒரு நாளும் மகளிடம் பொய் சொன்னவர் இல்லை. என்றாவது அவரிடமே கேட்பாள். அவர் உண்மையைச் சொல்லுவார். அப்போது அப்பாவும் இல்லாமல், நானும் இல்லாமல் நிற்பாள்.

“பொறி விழுந்திருக்கு. ஆனா பத்த வைக்கிற மருந்து நமத்துப் போயிருந்துச்சும்மா.”

“அப்டின்னா?”

“அது எத்தன நாள் கெடந்தாலும் வெடிச்சிருக்காது.”

சிரித்தாள். கேட்கக்கூடாத சிரிப்பு. “பாத்தீங்களா? அப்ப ஒரு ஈரத் துணிக்குக் காவல் காத்தாரு. அதுக்காக எங்கம்மா...”

“இது இன்னிக்குத் தெரியுதும்மா. நேத்து யாருக்கும் தெரியாது. எங்க வேலையில சரியாச் செஞ்சா ஒன்னும் நடக்காது. ஒன்னும் நடக்கலன்னா எதுக்குச் செஞ்சேன்னு கேப்பாங்க. கேட்டா காட்டறதுக்கு ஒன்னும் இருக்காது.”

“மூர்த்தி அங்கிள்கிட்ட குடுத்திருக்கலாம்ல?”

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், அவசரமும் சேர்ந்து போய்விடும் என்றதை. கேட்டுக்கொண்டு, “மூர்த்தி அங்கிளப் பத்தி இவ்வளவு யோசிச்சாரு. எங்கம்மாவப் பத்தி?” என்றாள்.

நான் அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் குரல் மாறியது. “நான் ஒங்க மேலயும் கோவமாத்தான் இருக்கேன் ஆன்ட்டி.”

“ஏம்மா?”

“நீங்க ஏன் ‘பெலும்’னு சொன்னீங்க?”

“எப்பம்மா?” என்றேன்.

“அப்பா கெளம்பிட்டாரான்னு கேட்டேன். ‘இல்ல’ன்னு சொல்லியிருந்தா நான் புரிஞ்சிருப்பேன். நீங்க ‘பெலும்’னு சொன்னீங்க. பெலும்னா இன்னும் இல்ல, ஆனா இப்பக் கெளம்பிருவாருன்னுதானே அர்த்தம்? நான் அப்டித்தான் எடுத்துக்கிட்டேன். அம்மா கண்ணத் தொறந்து ‘அப்பா?’ன்னாங்க. ‘வந்துக்கிட்டு இருக்காரும்மா, பாலத்துல ஏறிட்டாரு’ன்னு சொல்லிட்டேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அவரு பாலத்துப் பக்கமே வரல. கடைசியா எங்கம்மாகிட்ட நான் பேசுனது பொய் ஆன்ட்டி. நீங்களும் அப்பாவும் சேந்து என்னப் பொய் சொல்ல வச்சிட்டீங்க.”

எங்கள் சோதனைக் கூடத்தில் அந்தச் சொல் ‘நகராதே, எதுவும் முடியவில்லை, எதையும் நம்பாதே’ என்று எச்சரிக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு அது ‘வருகிறார்’ என்று கேட்டிருக்கிறது. ஒரே சொல்தான். உள்ளே இருக்கும் எங்களுக்குப் பயத்தையும், வெளியே இருந்த அவளுக்கு நம்பிக்கையையும் கொடுத்திருக்கிறது. தம்பி தங்கைகளே, சுவருக்கு உள்ளே புழங்குகிற சொல்லைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகும்போது, கேட்கிறவர் எங்கே நின்று கேட்கிறார் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

“நீ சொன்னதுக்கு அம்மா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?”

“ம்.”

“என்ன சொன்னாங்க?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வார்த்தைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி வந்தன.

“‘அவருக்கு வேல முடிஞ்சிருக்காதுடி’ன்னாங்க. ‘சும்மா சும்மா போன் போடாத. மெதுவா வரட்டும்’னாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்த கையை நான் விடவில்லை.

நெடுநேரம் கழித்து, சுடிதார்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த கைப்பேசியை எடுத்தாள். படகுக்கு ஏற்பாடு செய்திருந்த தாய்மாமாவைக் கூப்பிட்டாள்.

“மாமா,” என்றாள், “நாளைக்கு அந்தப் போட்ல எத்தன பேரு ஏறலாம்?”